எண்ணூர் சாலை அடைபட்ட நாட்களில்

ராயபுரத்தில் எனக்குக் கொடுத்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். முதல் நாள் காலை பாதிக்கு மேல் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை போலிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அன்று செவ்வாய்.

நான் மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தேன். எங்கள் திருச்சபையில் பல வருடங்களாக ஊழியம் செய்கிறேன். போரிலும் கடல் கொண்டதிலும் ஆட்களை இழந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் வேலை. அதை ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து ஊழியக்காரப் பெண்களுக்கு மூன்று நாளில் சொல்லித் தரும்படி இங்கிருந்து அழைப்பு வந்தது. துயரத்தில் இருப்பவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்றெல்லாம் எழுதிய தாள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

என்னை வகுப்புக்கு அழைத்துப்போக ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன எஸ்தர் பதினொரு மணிக்கு வந்தார், வியர்த்து வழிந்தபடி.

"கிளாஸ் இல்ல சிஸ்டர். எண்ணூர் ரோட்ட மறிச்சிட்டாங்க. பஸ்ஸு, ஆட்டோ ஒண்ணும் போவல. நான் தண்டையார்பேட்ட வரிக்கும் நடந்து வந்துகீறேன். மொதல்ல நாஷ்டா துன்னீங்களா?"

நாஷ்டா என்றால் காலைச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியாது. யாரோ ஒரு ஆளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "நான் இன்னும் சந்திக்கல்ல" என்றேன். எஸ்தர் அந்தக் களைப்பிலும் சிரித்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முனைக்கடையில் இட்லியும் வடகறியும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் காலையில் பாண் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டே பழகிய வாய்க்கு வடகறி புதுசு. உதிர்த்த வடையைக் குழம்பில் போட்டு வேகவைத்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஏனென்றால் எஸ்தர் அப்போதுதான் சாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

முந்தின நாள் விடியற்காலையில் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வாயு கசிந்திருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் ஓடி வந்த வழியிலேயே விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டார். பெயர் முருகன். அவர் மனைவி செல்வி மீன் விற்பவர். ஒரு வருடமாக எஸ்தரின் ஜெபக்கூடத்துக்கு வந்துகொண்டிருப்பவர். கணவரோ கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் ஞாயிறு தவறாமல் மனைவியைக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போவாராம்.

"பாடிய வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க" என்றார் எஸ்தர். "கம்பெனிய மூடு, அப்பால வாங்கறோம்னு ஊரே ரோட்ல குந்திகினு கீது."

இறந்தவரின் உடலை வாங்க மறுப்பது இங்கே ஏழைகளின் கடைசி ஆயுதம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் உடலைக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் தெருவில் இருந்தோம்.

எஸ்தரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் பிறந்தவர், திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இல்லை. தகரக் கொட்டகையில் நடக்கும் அந்த ஜெபக்கூடத்தை ஒன்பது வருடமாக நடத்திவருகிறார். கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர் தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஜெயசிங் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எனக்கு அழைப்பு அனுப்பியவரும் அவர்தான்.

மறுநாள் புதன்கிழமை செல்வியைப் பார்க்கப் புறப்பட்டோம். ஆட்டோக்காரர் தண்டையார்பேட்டை தாண்டியதும் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல போனா கண்ணாடி போய்டும் மா. பேஜாரு." இறங்கி நடந்தோம். சாலை ஓரமாகக் கண்டெய்னர் லாரிகள் முடிவில்லாமல் நின்றன. அவற்றின் நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள் டிரைவர்கள். ஒருவர் தன் மனைவியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அடப் போடி, லாரிதான் நிக்குது, எனக்கொண்ணும் ஆவல." அதையே நாலு தடவை சொன்னார்.

காற்றில் ஏதோ ஒரு நெடி. தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற நெடி. நான் இருமியதைப் பார்த்து எஸ்தர், "இது நேத்து வந்தது இல்ல சிஸ்டர். இது டெய்லி கீற வாசன" என்றார்.

மறியல் நடந்த இடத்தில் மீன்கூடைகள், உடைந்த படகுத் துண்டுகள், ஒரு பழைய பீரோ எல்லாம் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் ஈரத்துணி. எஸ்தர் கையிலிருந்த வேதப்புத்தகப் பையைக் கண்டதும் சில இளைஞர்கள் எழுந்தார்கள்.

"ஏய், இன்னா, பாடிய உங்க ஆளுன்னு சொல்லி தூக்கிகினு போவ வந்துகீறீங்களா?"

"செல்வியப் பாக்க வந்தேன் நைனா" என்றார் எஸ்தர்.

"மதம் மாத்றதுக்கு இதான் டைமா?"

ஒரு தண்ணீர்ப் பாக்கெட் பறந்து வந்து என் காலடியில் வெடித்தது. எந்த ஊரானாலும் கூட்டம் முறைக்கும்போது என் கால்கள் தாமாகவே சுவரைத் தேடும். அது பழக்கம். எஸ்தர் நகரவில்லை. தூக்கி எறிந்தவனைப் பார்த்து, "உங்கம்மா டைபாய்டுல கெடந்தப்போ கஞ்சி எடுத்துகினு வந்தேனே, அப்போ மாத்னேனாடா?" என்று கேட்டார். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். வழி விட்டார்கள். ஆனால் நாங்கள் போன பிறகும் முதுகில் பார்வை குத்திக்கொண்டே வந்தது.

எர்ணாவூர் குடியிருப்பில் இரண்டாம் மாடி. செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுத முகமில்லை. முருகனின் அம்மா முனியம்மா எங்களைப் பார்த்ததும் முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்தர் ஜெபிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், மூன்று நாளாகக் கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். நானும் போய்த் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அன்று நடந்த ஊழியம் அவ்வளவுதான்.

சாயங்காலம் அண்ணாச்சி கடைக்குக் கூப்பிட்டிருந்தார். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்து, பாதாம் பால் வரவழைத்தார். நல்ல மனிதர். மறியலில் இருக்கிறவர்களுக்கு இரண்டு நாளாக அரிசியும் பருப்பும் அனுப்பிக்கொண்டிருந்தவரும் அவர்தான்; அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை, கடைப்பையன்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது.

"ரூபி சிஸ்டர், ஒங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று என் பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டரம்மா கூப்ட்டுப் பேசுனாங்க. அந்தப் புள்ள நம்ம கூடத்துக்கு வருத புள்ள. அது ஒரு கையெழுத்துப் போட்டுட்டா பாடிய குடுத்துருவாவ. பாடி வந்துட்டா ரோடு தெறந்துரும். நீங்க படிச்சவிய, ஆறுதல் சொல்லத் தெரிஞ்சவிய. எடுத்துச் சொல்லுங்க."

"அவளா வாங்கறேன்னு சொன்னா வாங்கட்டும் அண்ணாச்சி. நாம சொல்றது ஞாயமா?" என்றார் எஸ்தர்.

"ஞாயம் பேசலாம். நாளைக்கி இவுங்கதான் கலகத்தத் தூண்டுதாவன்னு எழுதிட்டா கூடத்த இழுத்துப் பூட்டிருவாம்லா? எத்தன வருசத்துப் பாடு!" அவர் குரல் உண்மையிலேயே நடுங்கியது. "நான் தப்பாச் சொல்லல. செத்தவன மண்ணுல வைக்கது பாவமா?"

இதே கேள்விக்கு ஒருமுறை நான் பதில் சொல்லியிருக்கிறேன். பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு கிரேன்கள் இருந்த திசையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை. இந்தத் தடவை மறியல்காரர்கள் எங்களைத் தடுக்கவில்லை, கவனிக்கவுமில்லை. போலீஸ் வண்டிகள் கூடியிருந்தன, எல்லார் கண்ணும் அங்கே. தலைக்கவசம் போட்ட காவலர்கள் வரிசையாக நிழலில் நின்று தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். எதிரே பெண்களும் தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். ஒரே வண்டிக்காரரிடம் வாங்கியது.

செல்வியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவரே ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இத்த படி."

அதிகாரிகள் கையெழுத்துக்காகக் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தின் நகல். 'என் கணவர் நெடுநாளாக இருந்த மூச்சுக் கோளாறால் இறந்தார் என்பதை அறிந்து, ஆட்சேபணை ஏதுமின்றி உடலைப் பெற்றுக்கொள்கிறேன்' என்று இருந்தது.

"அவருக்கு மூச்சு கோளாறே கெடயாது மா" என்றார் செல்வி. சத்தமில்லாத குரல். "நடுக்கடல்ல வல போய் இன்ஜின் காத்தாடில சுத்திகிச்சின்னா, ஆரு குதிக்கிறது? இவருதான். தம் கட்டிகினு உள்ள போவாரு. அறுத்து உட்டுட்டு மேல வருவாரு. மேல கீறவங்களுக்கு மூச்சு நின்னுடும், இவருக்கு நிக்காது. அவரப் போயி மூச்சு கோளாறுன்னு எய்திக்கீறாங்க."

'எய்திக்கீறாங்க' என்பது 'எழுதியிருக்கிறார்கள்' என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. அம்பு எய்ததாகத்தான் முதலில் காதில் விழுந்தது.

"அண்ணாச்சி சொல்லி அனுப்ச்சாரா?" என்று நேராகக் கேட்டார்.

"ஓம்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "கையொப்பம் வைக்கச் சொல்லச் சொன்னார்."

"நீ இன்னா சொல்றே?"

பெட்டியிலிருந்த தாள்களில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. எந்த முடிவையும் நீங்கள் எடுக்காதீர்கள், அவர்களை எடுக்க விடுங்கள் என்று நானே எழுதியது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்டு சொல்றன், கேளுங்க" என்றேன். "எங்கட ஊரில ஒரு அம்மா. தங்கம்மா எண்டு பேர். மகன் வேலைக்குப் போனவன், திரும்பி வரல்ல. போர் முடிஞ்ச பிறகும் தேடினா. கனவருசம் தேடினா. மறுகா ஒரு அதிகாரி வந்து, மகன் செத்துட்டான் எண்டு சான்றிதழ் எடுங்க, உதவி கிடைக்கும் எண்டார். அவ என்னட்டத்தான் கேட்டா. நான் எடுக்கச் சொன்னன். மனம் ஆறும் எண்டு சொன்னன். பேனையை நான்தான் கையில குடுத்தன்."

"ஆறிச்சா?"

"இல்ல. மறுகா அவ என்னோட கதைக்கல்ல. என்ட புள்ளய என்ட கையாலயே சாக வெச்சிட்டிங்க எண்டு ஒரே ஒருக்காத்தான் சொன்னா."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் ஆயரிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஊரில், இருமல் வரவைக்கும் காற்றில், கணவன் ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன். ஆறுதல் சொல்லப் போனவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்திருந்த முனியம்மா திரும்பினார்.

"மறுகான்னா இன்னாமே?"

"அப்பாலன்னு அர்த்தம்" என்றார் எஸ்தர்.

"அப்பால அந்த பொம்பள இன்னா பண்ணா?" என்று முனியம்மா என்னைக் கேட்டார்.

"இண்டைக்கும் வாசல்ல விளக்கு வைக்கிறா."

முனியம்மா எழுந்துபோய் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் டீ. சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தார். எங்கள் தேத்தண்ணியை விடக் கெட்டி.

டீ ஆறும்வரை செல்வி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவர ஐஸ்ல வெச்சிகீறது எனக்கும் ஆவல" என்றார். "ஊர்ல கம்பெனிய மூடுன்றாங்க. மூடட்டும். அத்த நான் ஒருத்தி மூட முடியாது. ஆனா இந்த ஒரு வரிய எடுக்கச் சொல்ல முடியும். இத்த எடுத்தாத்தான் கையெயுத்து. நாளிக்கி ஆபீஸ் போலாம் வா."

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் கிளம்பினோம். நடந்தால் வெகுதூரம், ஆட்டோ கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் மீன்பாடி வண்டியை எடுத்து வந்தார். முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர சைக்கிள்; அதில் மோட்டார் பொருத்தியிருந்தார்கள். மீன் வைக்கிற பலகையில் நாங்கள் மூன்று பேரும் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். பிரேக் இருக்கிறதா என்று கேட்டேன். "கால் கீதே" என்றார் வண்டிக்காரர். பாதி வழியில் சங்கிலி கழன்று, வண்டி ஒரு மணல் குவியலில் ஏறி நின்றது. என் சேலையில் கிரீஸும் பழைய மீன் வாடையும். எஸ்தர் என் முதுகைத் தட்டி, "இப்பதான் நம்ம ஏரியா ஆளு ஆனீங்க" என்றார். செல்வி சிரித்தாரா என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மணலில் விழுந்த என் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை அனுப்பிய அலுவலகத்தில் மதியம் இரண்டு மணிவரை உட்காரவைத்தார்கள். அதிகாரி தூங்கி நாளாகிய மனிதர் போலிருந்தார். பக்கத்தில் பெண் இன்ஸ்பெக்டர். எழுத்தர் ஒருவர் எதையும் கேட்காமல் மை டப்பாவைத் திறந்து செல்வியின் முன்னால் தள்ளினார். செல்வி அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, "எனக்கு எய்தத் தெரியும்" என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "இந்த வரிய எடுத்துடு சார்" என்றார்.

"அது டாக்டர் சொன்னதும்மா. நாங்க மாத்த முடியாது."

"டாக்டர் சொன்னா டாக்டர் கையெயுத்து போடட்டும். நான் போட்ற லெட்டர்ல அது எதுக்கு?"

"பாடி வேணுமா வேணாமா?"

அந்தக் கேள்வியில் செல்வியின் தாடை இறுகியது. எஸ்தர் அவர் தோளைத் தொட்டார். நான் என் கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். பேசினால் நான் அந்நிய நாட்டுக்காரி. இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு உரிமையில்லை. அறையில் விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. வெளியே எங்கேயோ கூட்டத்தின் இரைச்சல் எழுந்து அடங்கியது. அதிகாரி ஜன்னலைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர்தான் பேசினார். "சார், காரணம் விசாரணையில் உள்ளதுன்னு போட்டா?"

அதிகாரி செல்வியிடம் கேட்டார்: "அப்படிப் போட்டா சம்மதமா?"

"ஏன் செத்தாருன்னு தெர்லன்னு எய்துனா ஒத்துக்கறேன்" என்றார் செல்வி. "பொய்ய எய்துனா ஒத்துக்க மாட்டேன்."

புதிய தாள் வந்தது. செல்வி விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். எஸ்தரைப் படிக்கச் சொன்னார். என்னையும் படிக்கச் சொன்னார். பிறகுதான் பேனாவை எடுத்தார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மேசைமேல் இருந்ததை அவரே எடுத்தார்.

மறியல் இடத்துக்கு நாங்கள் திரும்பி வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டுவிட்டது. "எவ்ளோ வாங்குனே?" என்று ஒருவர் கத்தினார். செல்வி பீரோமேல் ஏறி நின்று அந்தத் தாளை உரக்கப் படித்தார். மூச்சுக் கோளாறு என்ற வரி எடுபட்டதைச் சொன்னார். சிலர் கை தட்டினார்கள். சிலர் எழுந்து போய்விட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, சாவு வண்டி போக ஒரு பக்கம் வழிவிடுவது, கம்பெனிக்கு எதிரான போராட்டம் மறுபக்கம் தொடர்வது என்று முடிவு செய்தார்கள். பீரோவை இழுத்து ஓரமாகப் போட்டபோது லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். அதைக் கேட்டு ஒரு பெண் மண்ணை வாரி லாரிகளைப் பார்த்து எறிந்தாள்.

சாயங்காலம் அண்ணாச்சி எஸ்தரின் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் சொன்னது என்ன, நீங்க செஞ்சது என்ன? ஒரு கையெழுத்து வாங்கச் சொன்னா, கூட்டிட்டுப் போயி அதிகாரிகூட வழக்காடுதியளே. இன்ஸ்பெக்டரம்மா என்ட்ட போன்ல எப்பிடிப் பேசுனாவ தெரியுமா?"

"கையெயுத்து போட்டாச்சே அண்ணாச்சி" என்றார் எஸ்தர்.

"ரெண்டு மாசம் ஓய்வா இருங்க. சாவியக் குடுங்க."

நான் நடுவே புகுந்தேன். இதில் எஸ்தர் மேல் குற்றமில்லை, பேசியது நான் என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. எஸ்தர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"பாய்ங்கள வெயில்ல போட்டுகீறேன். மய வந்தா உள்ள எடுத்து வெய்யச் சொல்லுங்க."

அண்ணாச்சி சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை முருகன் வீட்டுக்கு வந்தார். மேளம், பூ, சரவெடி. முனியம்மா மகனின் மார்பில் கைவைத்து, "ஏன்டா, ஓடி வந்தியே, இன்னும் நாலு அடி ஓடி வரக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சடங்கெல்லாம் அவர்கள் முறைப்படி. எஸ்தர் ஒரு ஓரமாக நின்றார், பாடவில்லை. தெருமுனையில் பெண்கள் நின்றுகொள்ள, ஆண்கள் மட்டும் மயானத்துக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தின் கடைசியில், வெள்ளை வேட்டியில், வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி நடந்து போவதைப் பார்த்தேன். செல்வி கண் கொட்டாமல் பாடை மறையும்வரை நின்றார். அப்போதும் அழவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

ஞாயிறு எனக்கு விமானம். கூடம் பூட்டியிருந்ததால் ஆராதனை இல்லை. ஆனால் எஸ்தர் விடியும் முன்பே என்னை எழுப்பினார்.

"காசிமேடு போலாம் வாங்க. செல்வி பதினாறு நாளு வூட்ட உட்டு வர முடியாது. அதுக்குள்ள அவ கிராக்கிங்க வேற ஆள்கிட்ட போய்டுவாங்க. நாம போயி வித்துட்டு வரலாம்."

மீன் ஏலத்தில் எங்களைத் தள்ளிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். எப்படியோ இரண்டு கூடை சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும் கிடைத்தன. திருவொற்றியூரில் செல்வி வழக்கமாக உட்காரும் முனையில் போய் உட்கார்ந்தோம். எஸ்தருக்குப் பிரசங்கம் வரும், மீன் விற்க வரவில்லை. விலை சொல்லத் தயங்கினார். எஸ்தர் செல்வியிடமிருந்து வாங்கி வந்திருந்த தராசை எனக்குப் பிடிக்கவே தெரியவில்லை. வாவிக்கரையில் பிறந்தவள்தான், ஆனால் வாங்கித்தான் பழக்கம்.

எவர்சில்வர் பாத்திரத்தோடு கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி வந்தார். "செல்வி எங்க? நீங்கள்லாம் ஆரு?"

எஸ்தர் சொன்னார். அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கியாஸ்ல போனாருன்னாங்களே, அது நம்ம செல்வி வூட்டுக்காரரா? ஐயோ, போன வாரம் கூட கூடய எறக்கி வெச்சிட்டுப் போனாரே."

"அவகிட்ட சொல்லுமா" என்றார். "எத்தினி நாளானாலும் ஆவட்டும். நான் வேற ஆள்கிட்ட வாங்க மாட்டேன்னு சொல்லு."

எஸ்தர் அங்கேயே செல்விக்குப் போன் போட்டார். பேர் தெரியாததால், பாத்திரம் எடுத்து வரும் கண்ணாடிக்காரம்மா என்று அடையாளம் சொல்லி, அவர் சொன்னதை அப்படியே சொன்னார். எதிர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. போனைக் காதில் வைக்காத எனக்கும் கேட்டது. ஆறு நாளாக வராதது வந்துவிட்டது.

எஸ்தர் வசனம் சொல்லவில்லை. ஜெபிக்கவில்லை. செதில் ஒட்டிய கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, கண்ணை மூடிக் குந்தியிருந்தார். விமான நிலையம் போக எனக்கு வந்த ஆட்டோ எதிர்ப்பக்கம் நின்று ஹாரன் அடித்தது. அவர் கண்ணைத் திறக்காமலே இன்னொரு கையை அசைத்து, போ என்றார்.

ஆட்டோ திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்காரம்மா தன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செல்வியின் தராசை எடுத்து அவர்களுக்கு மீன் நிறுத்துக்கொண்டிருந்தார்.